ஒரே ஒரு சரிவுக்காக டர்பனிலிருந்து 550 கிலோமீட்டர் ஓட்டலாமா?

கேள்வி: டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி, 10 மே 2025

பிள்ளைகள் இரண்டு பேரும் பனியில் சறுக்கியே ஆகணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். ஐரோப்பாவுக்கெல்லாம் நமக்கு வசதி இல்லை. பக்கத்து நாடான லெசோத்தோவில் மலைமேல் ஆஃப்ரிஸ்கி என்ற சறுக்கு இடம் இருக்கிறதே, அங்கே போகலாம் என்றால் என் மச்சான் சிரிக்கிறான். "ஒரே ஒரு சரிவு, அதுவும் மெஷின் பனி, அதுக்கு 550 கிலோமீட்டரா?" என்கிறான். குடும்பத்தோடு போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

11 மே, ஞாயிறு இரவு

நாங்கள் 2023 ஜூலையில் போனோம். நான், வீட்டுக்காரர், அப்போது ஒன்பதும் ஆறும் ஆன இரண்டு பிள்ளைகள்.

உன் மச்சான் சொல்வது பொய்யில்லை. பெரிய சரிவு ஒன்றுதான், சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். பக்கத்தில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு சின்னச் சரிவு. ஆனால் தம்பி, உன் பிள்ளைகள் சறுக்குக்கட்டையைக் கையால்கூடத் தொட்டதில்லை. அவர்களுக்கு நாற்பது சரிவு எதற்கு? முதல் நாள் முழுக்க அந்தச் சின்ன மேட்டில்தான் விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள். சின்ன இடம் என்பதால் இன்னொரு சௌகரியம், காப்பிக் கோப்பையோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரையும் கண்ணில் வைத்திருக்கலாம். எங்கே போனார்கள் என்று தேட வேண்டியதில்லை.

வழி: என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித், அங்கிருந்து கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க், காலிடன்ஸ்பூர்ட் எல்லை, பூத்தா-பூத்தே, அப்புறம் மோட்டெங் கணவாய் ஏறி மேலே. முழுக்கத் தார்ச்சாலை. சாதாரணக் கார் போதும். ஒரே மூச்சில் ஓட்டாதே.

வயதானவர்களைக் கூட்டிப் போகாதே. அடிவாரமே 3000 மீட்டருக்கு மேல். சரிவில் ஏறிச் சறுக்க மூன்று நாள் பாஸ் வாங்கு, ஒரு நாளில் ஒன்றும் வராது.

12 மே

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மூன்று நாள் பாஸ் வேண்டாம். பழைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் "பாஸ் வீண், சின்னவன் தூங்கினான்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் பிள்ளைகளின் தொடை கல்லாகிவிட்டது. முதல் நாள் பாடத்தோடு முழு நாள், மறுநாள் அரை நாள், அவ்வளவுதான் தாங்கும்.

அதே நோட்டிலிருந்து: செலவில் பாதிக்கு மேல் தங்குமிடத்துக்கும் பெட்ரோலுக்கும் போயிருக்கிறது. மிச்சத்தில்தான் பாஸ், கட்டை-பூட்ஸ் வாடகை, பாடம். அதனால் பாஸில் தள்ளுபடி தேடி அலைவதைவிட, வாரநாளில் போவதும் அடுப்புள்ள இடத்தில் தங்கிச் சமைத்துக்கொள்வதும்தான் பணத்தை மிச்சப்படுத்தும். சறுக்காத பெரியவர்களுக்குப் பாஸ் எடுக்காதே. எனக்கு எடுத்தேன். இரண்டு தடவை ஏறினேன், ஒன்றரைத் தடவை இறங்கினேன்.

மிச்ச அரை? உட்கார்ந்தபடி வந்தேன்.

14 மே

மாரிட்ஸ்பர்க் அண்ணன் ஒருவர், "சானி கணவாய் வழியாகப் போனால் கிட்டம், எதுக்கு ஹாரிஸ்மித்தைச் சுத்துறீங்க?" என்று கேட்டிருக்கிறார். வரைபடத்தில் கிட்டம்தான் அண்ணா. ஆனால் அந்த ஏற்றத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், இல்லாவிட்டால் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜூலையில் கொண்டையூசி வளைவுகளில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். உச்சி 2876 மீட்டர். பனியை வெறுமனே பார்த்துவிட்டு வரப்போகிறவர்கள் அண்டர்பர்க்கிலிருந்து ஜீப் சுற்றுலாவில் ஏறிவிட்டு இறங்கலாம். பிள்ளைகளும் மூட்டைகளுமாகப் போகிற நமக்கு அது வழி இல்லை.

இன்னொருவர் டிஃபின்டெல் என்ற சறுக்கு இடம் பற்றிக் கேட்கிறார். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், ரோட்ஸ் ஊருக்கு மேலே, 2720 மீட்டரில் இருக்கிறது. பேரைக் கேட்டதும் எங்கள் அத்தை, "அங்கே டிபன் நல்லா இருக்குமா?" என்றார். டிபன் இருக்கட்டும், பல பருவங்கள் மூடியே கிடந்த இடம் அது. கிளம்புவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

17 மே

மெஷின் பனி என்று மச்சான் மறுபடியும் இளக்காரம் பேசுகிறானாம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுக்க மெஷின் பனியில்தான் நடந்தது என்று அவனிடம் சொல்.

விஷயம் இதுதான். நம் பக்கம் குளிர்காலம் வறண்ட காலம். லெசோத்தோ மலைகளில் குளிர் கொட்டும், மழைமேகம் வராது. வானத்தை நம்பினால் பருவம் முழுக்க நாலைந்து பனிப்பொழிவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் இரவில் பீரங்கி மாதிரி இருக்கும் குழாய்கள் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துத் தூவுகின்றன. துளி தரையைத் தொடுவதற்குள் உறைய வேண்டும். காற்று வறண்டிருந்தால் துளியில் கொஞ்சம் ஆவியாகும், ஆவியாகும்போது மிச்சத் துளி இன்னும் குளிரும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான். ஆக, பனி பெய்யவிடாமல் செய்கிற அதே வறட்சிதான் பனி செய்வதற்கும் உதவுகிறது.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது ஒன்று உண்டு. மலையெல்லாம் வெள்ளையாக இருக்காது. காய்ந்த புல்லின் பழுப்பு நிறத்தில் மலை, நடுவே ஒரு வெள்ளைப் பட்டை. காவி வேட்டிக்கு வெள்ளைக் கரை போட்ட மாதிரி. எங்கள் சின்னவன் காரிலிருந்து இறங்கியதும், "மிச்சம் எங்கே?" என்று கேட்டான்.

18 மே

உடுப்பு பற்றிச் சுருக்கமாக. ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்தால் காயாது, உறைந்தால் தகரம். உள்ளே கம்பளி, மேலே தண்ணீர் புகாத கால்சட்டை. கையுறையைச் சொந்தமாக வாங்கு, மற்றதை வாடகைக்கு எடு. சன்ஸ்க்ரீனை மறக்காதே. "நாம கருப்புதானே" என்று நினைத்து நான் பூசவில்லை. பனியிலிருந்து வெயில் மேல்நோக்கித் திரும்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கம் உரிந்துபோய் இரண்டு வாரம் ஆபீசுக்குப் போனேன்.

22 மே

வண்டிக் கதை. எழுதக்கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னார், எழுதுகிறேன்.

2023-இல் இரண்டாம் நாள் காலை, முன்கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி. இவர் டீ போட வைத்திருந்த கெட்டிலை எடுத்துப்போய்க் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். டப் என்று ஒரு சத்தம். இடது மூலையிலிருந்து வலது மூலைவரை விரிசல். டர்பன்வரை அந்த விரிசல் வழியாகத்தான் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தைப் பார்த்துக்கொண்டு வந்தோம். இரவிலேயே கண்ணாடிமேல் அட்டையோ போர்வையோ போட்டு வையுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். கைப்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும், அதனால் கியரில் போட்டு நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ரேடியேட்டரில் உறையாத் திரவம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். டர்பன்காரர்கள் வெறும் தண்ணீரை ஊற்றியே காலம் ஓட்டுகிறவர்கள்.

டீசல் வண்டி என்றால் இன்னொன்று. கடுங்குளிரில் டீசலில் மெழுகு திரிந்து வடிகட்டியை அடைக்கும். அதற்கு ஒரு மருந்து விற்கிறார்கள். காலையில் வண்டி கிளம்பாவிட்டால் ஊற்றிக்கொள்ளலாம்.

23 மே

மெக்கானிக் அண்ணன் ஒருவர் காதைத் திருகிவிட்டார். மெழுகு திரிந்த பிறகு மருந்தை ஊற்றிப் பயனில்லையாம், முதல் நாளே டாங்கில் கலந்திருக்க வேண்டும். டர்பனில் டாங்கை நிரப்பிக்கொண்டு போகாமல், தேவையான அளவு போட்டுக்கொண்டு மலைக்குக் கிட்டே நிரப்புவது இன்னும் நல்லது என்கிறார். அவர் சொல்வதைக் கேளுங்கள். நேற்று நான் எழுதியதை விடுங்கள்.

1 ஜூன்

லெனேசியா அக்கா கேட்டது சாப்பாடு. கைகொடுங்கள் அக்கா, இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்.

மூவாயிரம் மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. சோறு ஒருவழியாக வெந்துவிடும். பருப்பு வேகாது. 2023-இல் ஒன்றே முக்கால் மணி நேரம் கொதித்த பிறகும் துவரம்பருப்பு சரளைக்கல்லாகத் தட்டில் விழுந்தது. சுகர் பீன்ஸ் கறி வைக்கலாம் என்று ஊறப்போட்டதை அப்படியே திருப்பி எடுத்து வந்தேன். பிரஷர் குக்கர் இல்லாமல் மலையேறாதீர்கள். சின்ன பியூட்டேன் டப்பா அடுப்பையும் நம்பாதீர்கள், பூஜ்யத்துக்குக் கீழே அதிலிருந்து வாயு வராது. முதல் நாளுக்கு உருளைக்கிழங்கு கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி, எலுமிச்சை ஊறுகாய். ஆட்டுக்கறி கொண்டுபோனால் கொழுப்பு மெழுகுவர்த்தியாக உறைந்திருக்கும், சூடு பண்ணும்வரை பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம்.

2 ஜூன்

'பனி' என்ற சொல்லே தப்பு என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். மார்கழியில் புல்நுனியில் இருப்பதுதான் பனியாம், இது உறைபனியாம். சரி ஐயா. ஆனால் நம் ஊரில் மார்கழியில் விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் வியர்க்கிறது. நமக்குக் குளிர் ஆனி ஆடியில்தான். காலண்டரே தலைகீழாக இருக்கும்போது சொல்லுக்கு ஏன் சண்டை? எங்கள் அத்தை எல்லாவற்றையும் 'ஐஸ்' என்றுதான் சொல்வார்.

11 ஜூன்

ஈஸ்டர்ன் கேப் மலைகளில் பனி கொட்டிய படங்களைப் போட்டு "சீசன் ஆரம்பம்" என்று நாலைந்து பேர் குதிக்கிறீர்கள். அதே குளிர்தான் அந்த மாகாணத்து முதாதா ஊரில் வெள்ளமாக வந்து வீடு வீடாக ஆட்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இன்றைக்குச் சறுக்கு பற்றி எழுத மனம் வரவில்லை.

20 ஜூன்

எழுதி எழுதி எனக்கே ஆசை வந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் மறுபடி போகிறோம், ஜூலை 6 ஞாயிறு கிளம்பி 10-ஆம் தேதி திரும்புவதாக. வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, என் தம்பி தன் டீசல் பக்கியில் (பின்னால் திறந்த சின்ன லாரி) கூட்டிப் போகிறான். அத்தையும் வருகிறேன் என்கிறார். எழுபத்தொரு வயது, பிளட் பிரஷர் மாத்திரை. வேண்டாம் என்று இங்கேதான் எழுதினேன், அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. டாக்டர் சரி என்றுவிட்டார். அவசரமாக ஏறாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். அதனால் முதல் இரவு கிளாரன்ஸில். பாதி உயரத்தில் ஒரு ராத்திரி உடம்பு பழகட்டும்.

அத்தை போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆடி முதல் வெள்ளிக்கு முன்னால் வீட்டில் இருக்க வேண்டும். கோயிலில் கூழ் காய்ச்சுவது அவர்தான்.

எல்லைக்கு: எல்லோருக்கும் பாஸ்போர்ட். பிள்ளைகளின் முழு விவரப் பிறப்புச் சான்றிதழ். பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவர் சத்தியம் செய்து கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம். மறக்கவே கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் போகவும் திரும்பவும் விசா விஷயத்தை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

சில்லறை பற்றி: அங்கே ரேண்டை அப்படியே வாங்குவார்கள், அந்த நாட்டுப் பணமான லோட்டி ஒன்றுக்கு ஒரு ரேண்ட். மிச்சக் காசு மலோட்டியாக (லோட்டியின் பன்மை) வந்தால் எல்லைக்கு அந்தப் பக்கமே செலவழித்துவிடுங்கள், இந்தப் பக்கக் கடைக்காரர் வாங்க மாட்டார்.

6 ஜூலை, கிளாரன்ஸ், இரவு

கடிதம் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

7 ஜூலை, அதிகாலை

முழுக்கச் சொல்கிறேன். வான் ரீனன் கணவாய் தாண்டும்போது தம்பி, "போன செப்டம்பர்லே இங்கேதான் வண்டிங்க ராத்திரி பூரா பனியிலே மாட்டிக்கிச்சு" என்று காட்டிக்கொண்டு வந்தான். 2024 செப்டம்பரில் என்3-யையே மூடினார்களே, அது. அவன் பேசப் பேச எனக்குள் ஏதோ உறுத்தியது. ஹாரிஸ்மித்தில் பையைத் திறந்து பார்த்தால் கடிதம் இல்லை. மறக்கவே கூடாது என்று உங்களுக்கெல்லாம் எழுதிய அதே நான்தான்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், "கொண்டு வர்றேன்" என்றார். ராத்திரி ஒன்றேகால் மணிக்குக் கிளாரன்ஸ் வந்து சேர்ந்தார். இப்போது குறட்டை விடுகிறார். காலையில் திரும்பி ஓட்ட வேண்டும், பாவம்.

கிளாரன்ஸ் என்ற பேர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. போயர் தலைவர் பால் க்ரூகர் 1904-இல் இறந்த ஊரின் பேர். சுவிஸ் போகிற வசதி நமக்கு இவ்வளவுதான் என்று தம்பி சிரிக்கிறான்.

7 ஜூலை, மாலை, மலைமேல்

காலையில் எழுந்த மனிதர் காரை ஊர்ப் பக்கம் திருப்பவில்லை. முதலாளிக்குப் போன் போட்டு மூன்று நாள் வாங்கிக்கொண்டார். அப்பாவே கூட வந்தால் ஒப்புதல் கடிதம் எதற்கு? அது அவர் டேஷ்போர்டில் மடித்தபடியே கிடக்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கடிதம் கொடுக்க மட்டும் வந்தவர் பாஸ்போர்ட்டை எதற்குச் சட்டைப் பையில் வைத்திருந்தார்?

மோட்டெங் கணவாயில் சுரங்க லாரிகள் எதிரே வரும், வைரச் சுரங்கம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. வளைவுகளில் நிழலில் இருக்கும் தாரில் மெதுவாகப் போங்கள்.

8 ஜூலை, இரவு

தங்கியிருப்பது கல்லால் கட்டிய வட்டக் குடிசை. காலை ஆறு மணிக்குக் கார் காட்டிய குளிர் கழித்தல் எட்டு டிகிரி. கண்ணாடிமேல் போர்வை, அவர் கையில் கெட்டில் போகாமல் பார்த்துக்கொண்டேன். பக்கி முதல் சாவியிலேயே கிளம்பியது. மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

பெரியவளுக்கு இப்போது பதினொன்று, நேரே பெரிய சரிவுக்குப் போய்விட்டாள். சின்னவன் பாடத்தில் சேர்ந்தான். கட்டைகளின் முன்முனையைச் சேர்த்து வைத்தால் பீட்சாத் துண்டு, வேகம் குறையும். இரண்டையும் நேராக வைத்தால் சிப்ஸ், ஓடும். வாத்தியார் "பீட்சா! பீட்சா!" என்று கத்த, இவன் பசிக்கவில்லை என்று பதில் கத்திக்கொண்டே வேலியில் போய் முட்டினான். அடி ஒன்றுமில்லை. என் தம்பி மேலே இழுத்துப் போகிற கம்பியிலிருந்து நாலு தடவை விழுந்தான். அந்தக் கம்பியில் உட்காரக்கூடாது, அது நம்மைத் தள்ளும், நாம் நிற்க வேண்டும். நாற்காலி என்று நினைத்து உட்கார்ந்தால் விழுவோம்.

அத்தை. முதல் இரவு லேசான தலைவலி, அவ்வளவுதான். பூத்தா-பூத்தேயில் வாங்கிய, லெசோத்தோ மக்களான பசோத்தோக்களின் கம்பளிப் போர்வையைப் புடவைக்கு மேலே சுற்றி, வலது தோளில் ஊக்குக் குத்திக்கொண்டு நடந்தார். ஒரு பசோத்தோப் பெண்மணி நிறுத்தி, ஊக்கைக் கழற்றி நெஞ்சுக்கு முன்னால் குத்திவிட்டார். தோளில் குத்துவது ஆண்களாம். அத்தை "டுமேலா" (வணக்கம்) என்றார், அவர்கள் மொழியில் தெரிந்த ஒரே சொல். அப்புறம் இருவரும் அரை மணி நேரம் ஒரு பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன மொழியில் என்று கேட்காதீர்கள்.

வயதானவர்களைக் கூட்டிப் போகாதே என்று மே 11-இல் எழுதியதை அடித்துவிடுகிறேன். டாக்டரைக் கேட்டு, மெதுவாக ஏறி, கூட்டிப் போங்கள்.

பருப்பு மூன்று விசிலில் வெந்தது.

9 ஜூலை

அரை நாள் போதும் என்றேனே. பெரியவளுக்குப் போதவில்லை, மாலைவரை நின்றாள். பதினோரு வயதுக்கு முழு இரண்டு நாள், எட்டு வயதுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சரிவு அலுக்கவில்லையா என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் வேற இடத்துலே விழுறேன்மா" என்றாள்.

18 ஜூலை, ஆடி முதல் வெள்ளி

கூழ் நல்லபடியாக நடந்தது. கோயில் மண்டபத்தில் இருபத்திரண்டு டிகிரி வெயிலில் அத்தை அந்தப் போர்வையோடுதான் வந்து நின்றார், ஊக்கு நெஞ்சுக்கு முன்னால். கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு.

பீனிக்ஸ் தம்பி, ஆகஸ்டில் மச்சானையும் சேர்த்துப் போவதாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம். உனக்குப் பள்ளி விடுமுறை கிடையாது, அதனால் ஒரு வெள்ளி, திங்களுக்கு லீவு எடுத்தால் போதும், ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கூட்டம் இறங்கிவிடும். தங்குமிடம் கேட்டாயே, தனியாக எழுதி அனுப்புகிறேன். நாங்கள் இருந்த அதே வட்டக் குடிசை கிடைத்தால், சமையல் தொட்டிக்கு மேலே ஜன்னல் விளிம்பில் பார். குக்கர் வெயிட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். எடுத்து வா.